கியர் விழாத மார்கழி

நம் வயதுக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அப்போதெல்லாம் தெருவுக்கு ஒரு கார் இருந்தாலே அதிகம். அந்த ஒன்றும் நடுரோட்டில் நின்றுகொண்டு, கியர் விழாமல் 'கர்ர்ர்' என்று கத்தினால் உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது? ஓட்டுகிறவள் ஒரு பெண் என்றால் கேட்கவே வேண்டாம். இன்றைக்கும் எங்காவது ஒரு பழைய லாரி கியர் மாற்றும்போது அந்தச் சத்தம் வந்தால் நான் பல்லைக் கடித்துக்கொள்கிறேன். அந்த ஒரு மார்கழியின் எரிச்சல் இன்னும் என்னைவிட்டுப் போகவில்லை.

எங்கள் வீடு ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் போகிற சாலையில் இருந்தது. அப்பா ரயில்வேயில் இன்ஜினியர். தம்பிக்கு இரண்டு வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து வலது கால் சூம்பிப்போயிற்று. காலின் இரண்டு பக்கமும் இரும்புச் சட்டம் வைத்த பூட்ஸ் போட்டுத்தான் அவன் நிற்பான். திருச்சியில் ஓர் ஆஸ்பத்திரியில் அந்தக் காலை வெந்நீரில் வைத்து, நீட்டி மடக்கிப் பயிற்சி கொடுத்தார்கள். வாரத்தில் பாதி நாளாவது போகவேண்டும். "விடாம வந்தீங்கன்னா குதிகால் தரையில் பதியும், விட்டுட்டா இழுத்துக்கும்" என்று அங்கிருந்த நர்ஸம்மா முதல் நாளே சொல்லிவிட்டார்.

அதற்காகத்தான் அப்பா கார் வாங்கினார். ஊர் மாறிப் போன ஒரு டாக்டரிடமிருந்து வாங்கிய பழைய இங்கிலீஷ் கார். பாட்டில் பச்சை நிறம். திரும்பும்போது கதவோரத்திலிருந்து ஒரு சிவப்புக் கை வெளியே நீண்டு வழி காட்டும். மழை நாளில் அந்தக் கை பாதியில் சிக்கிக்கொள்ளும், நான் ஜன்னல் வழியாகத் தட்டி உள்ளே தள்ளுவேன். வெயிலில் நின்றால் தோல் சீட்டிலிருந்து குதிரை மயிரும் பெட்ரோலும் கலந்த ஒரு வாசனை எழும். எனக்கு அது பிடிக்கும், தம்பிக்குக் குமட்டும்.

அப்பா தினம் ரயிலில் வேலைக்குப் போய்விடுவார். ஆகவே அம்மாவுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தார். கொள்ளிடக் கரையில் ஆள் இல்லாத சாலையில், பொறுமையாக, ஒரு தடவைகூடக் குரலை உயர்த்தாமல். அந்தக் காலத்தில் பெண்டாட்டி கையில் ஸ்டியரிங்கைக் கொடுத்த மனிதர் அவர். அதை மறந்துவிட்டு நான் அவரைப் பற்றிப் பேசினால் அது நியாயமில்லை. ஆனால் பிறகு நடந்ததையும் சொல்லத்தானே வேண்டும்.

முதலில் அந்தக் கத்தல் காவேரிப் பாலத்தில்தான் ஆரம்பித்தது. தொட்டியம் பக்கத்திலிருந்து வாழைத்தார் ஏற்றிய மாட்டுவண்டிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. அவை நின்றால் நாமும் நிற்க வேண்டும், நகர்ந்தால் நாமும் நகர வேண்டும். ஒவ்வொரு தடவையும் முதல் கியர் போட்டாக வேண்டும். அம்மா கிளட்சை மிதித்துக் கியர்க் கம்பியைத் தள்ளினாள். கர்ர்ர். மறுபடியும் மிதித்தாள். கர்ர்ர். பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்தது. முன்னால் போன வண்டிக்காரர் திரும்பிப் பார்த்து, "ஏம்மா, ஒரு மாட்டை வேணா அவுத்துத் தரட்டுமா? கட்டி இழுக்கலாம்" என்றார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

அம்மா சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. இன்ஜினை நிறுத்தினாள். இன்ஜின் நின்றதும் கியர்க் கம்பியைத் தள்ளினாள். அது சத்தமில்லாமல் உள்ளே போனது. கிளட்சை மிதித்தபடியே மறுபடி ஸ்டார்ட் செய்தாள். வண்டி ஒரு குதி குதித்து நகர்ந்தது. அப்படியே பாலத்தைக் கடந்தோம்.

அன்று மாலை அப்பா வந்ததும் வராததுமாகச் சொன்னாள். "இன்ஜின் நிக்கும்போது கியர் ஒழுங்கா விழுதுங்க. ஓடும்போதுதான் கத்துது. கியர்ப் பெட்டியில ஒண்ணும் இல்லை. நான் மிதிக்கறேன், ஆனா கிளட்ச் முழுசா விட மாட்டேங்குது."

அப்பா சட்டையைக் கழற்றிக்கொண்டே, "கியர்ப் பெட்டியில எண்ணெய் பழசாயிருக்கும்" என்றார். ஞாயிற்றுக்கிழமை எண்ணெயை மாற்றினார். விடிந்தும் விடியாததுமாகத் திருவானைக்காவல் வரை ஓட்டிப்போய்த் திரும்பி வந்தார். காலியான சாலை. வழியில் எங்கும் நிற்க வேண்டியிருக்கவில்லை. "நல்லா இருக்கே. எனக்கு ஒரு சத்தமும் வரலை" என்றார்.

திங்கட்கிழமை பாலத்தில் அது மறுபடி கத்தியது.

அப்பா வண்டியைப் பாலக்கரையில் ஒரு பட்டறைக்கு அனுப்பினார். அங்கே இருந்த மெக்கானிக் பாய் நல்ல மனிதர், தம்பிக்கு எப்போதும் ஒரு பேரீச்சம்பழம் வைத்திருப்பார். பெடலிலிருந்து கிளட்சுக்குப் போகும் கம்பி தளர்ந்திருக்கிறது என்று சொல்லி, அதன் நட்டை நன்றாக முறுக்கிக் கொடுத்தார். சத்தம் நின்றுவிட்டது. ஆனால் சில நாட்களில் வேறு வியாதி வந்தது. பாலத்து ஏற்றத்தில் இன்ஜின் மட்டும் உறுமியது, வண்டி ஏறவில்லை. கருகிய சணல்போல ஒரு நாற்றம் வந்தது. தம்பி மூக்கைப் பொத்திக்கொண்டான். இப்போது கிளட்ச் பிடிக்கவே மாட்டேன் என்றது.

பாய் எல்லாவற்றையும் பிரித்து, கருகிப்போன கிளட்ச் பிளேட்டை எடுத்து அப்பாவிடம் காட்டினார். நானும் அம்மாவும் அங்கே இருந்தோம்.

"அம்மா கோவிச்சுக்கக் கூடாது" என்றார் பாய். "பெடல் மேல காலை வெச்சுக்கிட்டே ஓட்டினா பிளேட் இப்படித்தான் தீயும்."

"நான் வைக்கறதில்லை" என்றாள் அம்மா. "கியர் விழுந்ததும் காலை எடுத்துக் கீழே வெச்சுடறேன்."

அப்பா பிளேட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வைக்கறது உனக்கே தெரியாது. பழக்கத்துல கால் தானா போயிடும்."

உனக்கே தெரியாமல் நீ செய்கிறாய் என்று ஒருவர் சொல்லிவிட்டால், அதற்குப் பிறகு வாய் திறந்து பயனில்லை. வீட்டுக்கு வரும் வழியில் அம்மா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

பாய் புது பிளேட் போட்டு, அது தீயக்கூடாது என்று கம்பியைக் கொஞ்சம் தளர்த்தி விட்டிருந்தார். அன்றைக்கே பழைய கத்தல் திரும்பிவிட்டது. முறுக்கினால் வழுக்குகிறது, தளர்த்தினால் கத்துகிறது. அம்மா இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள்: "நட்டுல கோளாறு இல்லைங்க. இடையில ஏதோ ஒண்ணு என் மிதியை முழுங்குது. மிதிக்கும்போது கால்கிட்ட 'டொக்'குன்னு ஒரு சத்தம் வருது. இன்ஜினை ஸ்டார்ட் பண்ணாம மிதிச்சுப் பாருங்க, கேக்கும்."

யாரும் அப்படி மிதித்துப் பார்க்கவில்லை. வண்டியில் ஏறியதும் முதலில் இன்ஜினை ஸ்டார்ட் செய்தார்கள், பிறகுதான் காது கொடுத்தார்கள்.

ஒரு நாள் அம்மா என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, "என் இடது காலையே பாத்துட்டு வா" என்றாள். சத்திரம் பஸ் ஸ்டாண்ட் வரை நான் ரோட்டைப் பார்க்கவே இல்லை. அம்மாவின் கால், பழைய பாட்டா செருப்போடு, கியர் மாற்றும்போது மட்டும் பெடலுக்குப் போயிற்று. மற்ற நேரமெல்லாம் தரையில் இருந்தது. இதை அப்பாவிடம் போய்ச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு என் தலையைத் தடவி, "அம்மாவுக்குச் சாட்சியா?" என்றார். அவ்வளவுதான். எனக்கு அழுகை வந்தது. இன்றைக்கு நினைத்தாலும் அந்தச் சிரிப்பைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. அவர் திட்டியிருந்தால்கூட மறந்திருப்பேன்.

பிறகு ஒரு நாள் ஆஸ்பத்திரி வாசலில் ரிவர்ஸ் எடுக்கும்போது உள்ளே ஏதோ 'கடக்'கென்று முறிந்தது போல ஒரு சத்தம். கியரின் பல் ஒன்று உடைந்திருந்தது. அன்று மாலை அப்பா சாவியைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "வண்டி கொஞ்ச நாள் நிக்கட்டும். பஸ்ல போங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அது இன்னும் மோசம்.

மார்கழி பிறந்து வைகுண்ட ஏகாதசிக் கூட்டம் ஊரை நிறைத்திருந்தது. ஸ்ரீரங்கத்துக்கு வருகிற பஸ் ஒவ்வொன்றிலும் படியில் ஆள் தொங்கியது. அம்மா தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு நிற்பாள். அவனுக்கு ஐந்து வயது ஆகிவிட்டது, அந்த இரும்பு பூட்ஸோ அவனைவிடக் கனம். பஸ் நின்றதும் கூட்டம் முட்டித் தள்ளும். இரும்புச் சட்டம் யார் காலிலாவது இடித்தால் அவர்கள் திட்டுவார்கள். கண்டக்டர், "அடுத்த வண்டில வாங்கம்மா, குழந்தை நசுங்கிடும்" என்பார். அடுத்த வண்டியும் அப்படித்தான் இருக்கும். குதிரை வண்டியில் ஒரு முறை போனோம். குலுங்கிய குலுக்கலில் தம்பி கால் வலி தாங்காமல் வழியெல்லாம் கத்தினான். பல நாட்கள் பஸ் ஸ்டாப்பிலிருந்தே திரும்பி வந்துவிட்டோம். கோயில் பக்கமிருந்து நாதஸ்வரம் கேட்டுக்கொண்டே இருக்கும். எல்லோரும் சந்தோஷமாக இருந்த அந்த நாட்களில் எங்கள் வீட்டில் யாரும் யாரோடும் சரியாகப் பேசவில்லை.

வாசலில் நிறுத்தியிருந்த காரின் மேல் வேப்பிலை உதிர்ந்து கிடந்தது. அம்மா அதைத் தினமும் துடைத்தாள்.

எதிர் வீட்டு மாமியைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். கோயில் கைங்கரியக் குடும்பம். மடிசார் கட்டிக்கொண்டு, கையில் துளசிக் கூடையோடு காலையில் சந்நிதிக்குப் போய் வருவார். எங்கள் வண்டியின் சத்தத்தை அவர் பல தடவை குறை சொல்லியிருக்கிறார். "உங்காத்து வண்டி கத்தற கத்தல்ல பெருமாளே யோக நித்திரையிலேர்ந்து எழுந்துண்டுடுவார்" என்பார்.

ஒரு நாள் காலை, அப்பா வேலைக்குப் போன பிறகு, அம்மா பழைய கோணிச் சாக்கைக் காருக்கு அடியில் விரித்தாள். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, டார்ச்சோடு மல்லாந்து உள்ளே போனாள். வெளியே இரண்டு பாதங்கள் மட்டும் தெரிந்தன. சந்நிதியிலிருந்து வந்த மாமி அப்படியே நின்றுவிட்டார்.

"என்னடிம்மா இது, கார் ஏறிடுத்தா?"

"இல்லைங்க மாமி" என்று அடியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "ஒரு ஒத்தாசை பண்ணுங்க. உள்ள ஏறி உக்காந்து, இடது பக்கம் இருக்கற பெடலை மிதிக்கணும். இவளுக்குக் கால் எட்டாது."

"நானா? மிதிச்சா வண்டி ஓடிடாதோ? நீ வேற அடியில கெடக்கறே."

"இன்ஜின் ஓடலை மாமி. ஒண்ணும் ஆகாது."

மாமி துளசிக் கூடையை என்னிடம் கொடுத்தார். "நாராயணா" என்று சொல்லி வண்டியில் ஏறி, ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மிதித்தார். 'டொக்' என்று கேட்டது. எனக்கே கேட்டது.

"விடுங்க. மறுபடி மிதிங்க" என்றாள் அம்மா.

மாமி மிதித்தார், விட்டார், மிதித்தார். பிறகு அம்மா என்னைக் கூப்பிட்டாள். நானும் குனிந்து எட்டிப் பார்த்தேன். பெடலின் அச்சைத் தாங்கும் இரும்புப் பட்டை, வண்டியின் சட்டத்தோடு சேரும் இடத்தில் விரிசல் விட்டிருந்தது. மாமி மிதித்தால் அந்த விரிசல் வாய் திறந்தது. விட்டால் மூடிக்கொண்டது. மூடும்போது மேலே படிந்திருந்த கிரீஸும் புழுதியும் அதை மறைத்துவிட்டன. மிதித்த பலத்தில் பாதி கிளட்சுக்குப் போகாமல் அந்த வாய் திறப்பதற்கே செலவாகியிருந்தது.

அம்மா வெளியே வந்தாள். நெற்றியில் கிரீஸ். "பாத்தியா?" என்று என்னிடம் கேட்டாள். அந்த மார்கழியில் நான் அவள் முகத்தில் பார்த்த ஒரே சிரிப்பு அது.

"ஏதோ கண்டுபிடிச்சுட்டே போலருக்கு" என்றார் மாமி, இறங்கிக்கொண்டே. "நான் ரெண்டாந்தரம் குளிக்கணும், போ." ஆனால் போகும்போது அந்தப் பெடலை ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

அப்பா மாலையில் வந்ததும் அம்மா சொன்னாள். அவர் நம்பாமல் இல்லை. உடனே டார்ச்சை எடுத்துக்கொண்டு அடியில் போனார். கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்து, "அங்க ஒண்ணும் இல்லையே" என்றார்.

"மிதிக்கும்போதுதான் தெரியும். நீங்க மறுபடி போங்க, நான் மிதிக்கறேன்."

அப்பா அதற்குள் குழாயடியில் சோப்புப் போட்டுக் கையைக் கழுவ ஆரம்பித்துவிட்டார். "விரிசல்னா மிதிச்சாலும் தெரியணும், மிதிக்காட்டியும் தெரியணும். நான் நாள் முழுக்க இரும்பைத்தான் பாத்துட்டு இருக்கேன். விடு." பிறகு, சொல்ல வேண்டாம் என்று நினைத்ததைச் சொல்வது போல, "சமயபுரத்துலேர்ந்து ஒருத்தர் வராரு. லாட்ஜ் வெச்சிருக்காரு. வண்டியைக் கேக்கறாரு. பல் உடைஞ்சதைச் சரி பண்ணித் தள்ளி விட்டுடலாம்" என்றார்.

அம்மா தம்பியின் பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். அவள் விரல்கள் முடிச்சில் சிக்கிக்கொண்டன. நான் அவிழ்த்து விட்டேன்.

பாய் உடைந்த கியரை மாற்றிக் கொடுத்தார். சமயபுரத்துக்காரர் பொங்கல் கழிந்து வந்தார். பருத்த உடம்பு, நெற்றி நிறையக் குங்குமம். வண்டியைச் சுற்றி வந்து டயரை உதைத்துப் பார்த்துவிட்டு, "அடியில எண்ணெய் ஒழுகுதான்னு பாக்கணுமே" என்றார். அவர் உடம்புக்குக் குனிய முடியாது. "நான் பாத்துச் சொல்றேன்" என்று அப்பாவே அடியில் போனார். வாங்க வந்தவர் சும்மா இருக்க முடியாமல் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து, ஹாரனை அடித்தார், கியர்க் கம்பியை ஆட்டினார், பெடலை மிதித்தார்.

டொக்.

விட்டார். மறுபடி மிதித்தார். டொக்.

அம்மா வாசற்படியில் நின்றிருந்தாள். அப்பாவின் கால்கள் வண்டிக்கு வெளியே அசையாமல் கிடந்தன. "என்னங்க, ஒழுகுதா?" என்று சமயபுரத்துக்காரர் கேட்டார். கொஞ்சம் கழித்து, "இன்னொரு தரம் மிதிங்க" என்று அப்பாவின் குரல் கேட்டது.

வெளியே வந்து சட்டையைத் தட்டிக்கொண்டு, "மன்னிக்கணுங்க. வண்டியைக் கொடுக்கறதா இல்லை" என்றார். அந்த மனிதர் கோபித்துக்கொண்டு போனார். அப்பா அம்மாவைத் தாண்டி உள்ளே போனார். அவளைப் பார்க்கவில்லை.

அந்த விரிசலுக்கு ஒரு பட்டை வைத்து வெல்டிங் செய்ய பாய்க்கு ஒரு காலைப் பொழுதுதான் ஆயிற்று. "இதை நான் பாத்திருக்கணும்மா" என்று அம்மாவிடம் அவர் சொன்னார். அப்பா அப்படி எதுவும் சொல்லவில்லை. பின்னாளில் சொந்தக்காரர்கள் வரும்போதெல்லாம், ஒரு ஆளை மேலே மிதிக்கச் சொல்லிவிட்டு அடியில் படுத்துப் பார்க்கும் யோசனை தனக்கு வந்தது எப்படி என்று விவரமாகச் சொல்வார். பொய் சொல்கிறோம் என்று அவர் நினைத்திருக்க மாட்டார். அவருக்கு அது அப்படித்தான் நினைவிருந்தது. அம்மா காபி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். சமையல்கட்டில் ஒரு பாத்திரம் மட்டும் கொஞ்சம் பலமாக வைக்கப்படும்.

வெல்டிங் செய்த மறுநாள் நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போனோம். பாலத்தில் அதே வாழைத்தார் வண்டிகள், அதே நின்று நகரும் வரிசை. கியர் ஒவ்வொரு முறையும் சத்தமில்லாமல் விழுந்தது. நான் கைதட்டினேன். அம்மா திரும்பி, "சும்மா இரு" என்றாள்.

நர்ஸம்மா தம்பியின் பாதத்தைப் பிடித்து மேலே தள்ளிப் பார்த்தார். அவன் முகத்தைச் சுளித்தான். அவர் திரும்பவும் தள்ளிப் பார்த்துவிட்டு, காலைப் பலகையில் வைத்தார். குதிகால் தூக்கிக்கொண்டு நின்றது.

"ரொம்ப நாள் விட்டுட்டீங்க" என்றார். "இழுத்துக்கிச்சு. மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். ஆபரேஷன் வேணுமான்னு பெரிய டாக்டர்தான் சொல்லணும்."

"விடாம வந்திருந்தா?" என்று கேட்டாள் அம்மா.

"அதை இப்ப எதுக்கும்மா யோசிக்கறீங்க."

பிற்பாடு ஆபரேஷனும் நடந்தது. தம்பி படித்தான், வேலைக்குப் போனான், கல்யாணம் செய்துகொண்டான். கடைசிவரை வலது காலை வீசித்தான் நடந்தான். அந்த மார்கழியில் விட்டுப்போனதால்தான் அப்படி ஆயிற்றா, எப்படியும் அப்படித்தான் ஆகியிருக்குமா என்று எந்த டாக்டரும் உறுதியாகச் சொன்னதில்லை. அதுதான் கஷ்டம். குற்றம் சொல்லவும் முடியாது, விடவும் முடியாது.

அன்று மாலை அப்பா வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே கேட்டார். "வண்டி எப்படிப் போச்சு? கியர் விழுந்துதா?"

அம்மா கூடத்தில் தம்பியோடு தரையில் உட்கார்ந்திருந்தாள். "குழந்தை எப்படி இருக்கான்னு கேளுங்க" என்றாள்.

அவள் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அப்பாவும் கேட்டிருக்க மாட்டார். பையை ஆணியில் மாட்டப் போனவர் அப்படியே கையில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு பையைக் கீழே வைத்துவிட்டு, ஆபீஸ் பேண்ட்டோடு தரையில் உட்கார்ந்தார். தம்பியின் காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு பூட்ஸைக் கழற்றினார். அது அவருக்குச் சரியாக வரவில்லை. எந்தக் கொக்கியை முதலில் விட வேண்டும் என்று தெரியவில்லை. அம்மா உதவவில்லை, காத்திருந்தாள்.

பூட்ஸ் கழன்றதும் அந்தச் சின்னப் பாதத்தை உள்ளங்கையில் வைத்து மேலே தள்ளினார். "வலிக்குதுப்பா" என்றான் தம்பி. அப்பா கையைத் தளர்த்தினார். ரொம்ப நேரம் காலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தலை நிமிராமல் அம்மாவிடம் கேட்டார்.

"எவ்வளவு தூரம் வரணும்?"

அம்மா கையை நீட்டி, பாதம் எதுவரை வளைய வேண்டும் என்று விரலால் காட்டினாள். அப்பா மெதுவாக, மறுபடியும் தள்ளினார். அன்றைக்கு அவ்வளவு தூரம் அது வரவில்லை.